கியரை மாற்றுவது யார்?

மேட்டுச் சாலையில் ஏறும் லாரியின் ஓட்டுநரைக் கவனித்திருக்கிறீர்களா? எஞ்சினின் ஓசை தாழ்ந்து, வண்டி முனகத் தொடங்கியதும் அவர் இடது காலால் கிளட்சை மிதிக்கிறார். இடது கையால் கியர்க் கம்பியை இழுத்துக் கீழ்க் கியருக்கு மாற்றுகிறார். மேடு முடிந்து வேகம் கூடியதும் மீண்டும் மேல் கியர். வண்டியின் வேகம் என்ன, எஞ்சினின் மேல் விழும் சுமை என்ன என்ற இரண்டையும் காதாலும் காலாலும் அளந்து, மனத்துக்குள் ஒப்பிட்டுத்தான் அவர் இந்த முடிவுக்கு வருகிறார்.

இப்போது 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் செய்யப்பட்ட ஷெவர்லே சி-10 என்னும் சிறு லாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டில் இவ்வகை வண்டியைப் 'பிக்கப்' என்பார்கள். எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினும், 'டர்போ ஹைட்ராமாட்டிக் 350' என்ற தானியங்கிக் கியர்ப்பெட்டியும் பொருத்தப்பட்ட வண்டி. இதில் கிளட்ச் மிதி கிடையாது. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் போதும். முதல் கியர், இரண்டாம் கியர், மூன்றாம் கியர் என்று வண்டி தானே மாறிக்கொள்ளும். எப்போது மாறுவது என்று முடிவு செய்யக் கணிப்பொறி எதுவும் இல்லை, மின்சுற்றும் இல்லை. அப்படியானால் வேகத்தையும் சுமையையும் ஒப்பிட்டுப் பார்ப்பது யார்?

எண்ணெய்தான்! இரண்டு எண்ணெய் அழுத்தங்கள் ஒரு சிறு வால்வின் இரு முனைகளிலும் நின்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. எது வெல்கிறதோ அதன்படி கியர் மாறுகிறது.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த இத்தகைய லாரிகளை இன்றும் பேணி ஓட்டுவோர் அமெரிக்காவில் ஏராளம். அவர்கள் அடிக்கடி சொல்லும் குறைகள் மூன்று: கியர் தாமதமாக, ஓர் அதிர்ச்சியுடன் மாறுகிறது, அல்லது மாறும் நேரத்தில் எஞ்சின் வெறுமனே சீறுகிறது, வண்டி நகர்வதில்லை, அல்லது மேல் கியருக்கு மாறுவதே இல்லை. உடனே கியர்ப்பெட்டியைக் கழற்றிவிட வேண்டும் என்றுதான் பலருக்கும் தோன்றும். நாள் கணக்கில் வேலை, பெருஞ்செலவு. எல்லாவற்றையும் பிரித்துச் சேர்த்து மாட்டிய பிறகு அதே குறை மீண்டும் தலைகாட்டுவதும் உண்டு. ஏனென்றால் பழுது பெட்டிக்குள் இல்லை, ஒரு விரல் நீள ரப்பர்க் குழாயில் இருந்தது. பெட்டியைத் திறக்காமலே பழுது எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா? முடியும். அதற்குத் தேவையான இயற்பியல் எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது.

பெட்டிக்குள்ளே

முதலில் பெட்டியின் உள்ளமைப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். எஞ்சினுக்கும் பல்சக்கரங்களுக்கும் நடுவே இருப்பது திருப்புவிசை மாற்றி. எண்ணெய் நிறைந்த ஒரு கூட்டுக்குள் இரு துடுப்புச் சக்கரங்கள் எதிரெதிராக இருக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றதைச் சுழற்றுகிறது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் ஓடவிட்டால் மற்றதும் மெல்லச் சுழலும் அல்லவா? அதே கதைதான். திரும்பி வரும் எண்ணெயின் திசையைத் திருத்துவதற்கென்று நடுவில் மூன்றாவதாக ஒரு துடுப்புச் சக்கரமும் உண்டு. அதன் உதவியால், வண்டி கிளம்பும் நேரத்தில் திருப்புவிசை ஏறத்தாழ இரு மடங்காகப் பெருகுகிறது. கப்பல்களுக்காக இந்த அமைப்பை உருவாக்கி 1905ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றவர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர்.

அடுத்து கோள் பல்சக்கரங்கள். நடுவில் சூரியச் சக்கரம். அதைச் சுற்றி மூன்று நான்கு கோள் சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்து, உட்புறம் பற்களுள்ள வளையச் சக்கரம். கோள்களைத் தாங்குவது ஒரு சட்டம். சூரியன், வளையம், சட்டம் ஆகிய மூன்றில் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, இன்னொன்றைச் சுழற்றினால், மூன்றாவது வேறொரு வேகத்தில் சுழலும். எதைப் பிடித்து நிறுத்துகிறோம் என்பதை மாற்றினால் கியர் மாறிவிடுகிறது; பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியவே வேண்டியதில்லை.

நம் 350 பெட்டியில் இத்தகைய இரு தொகுதிகள் ஒரே சூரியச் சக்கரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. சூரியனின் பற்களை வளையத்தின் பற்களால் வகுத்தால் சுமார் 0.52 கிடைக்கும். இரண்டாம் கியரின் விகிதம் ஒன்றும் இந்த எண்ணும் சேர்ந்த 1.52, முதல் கியரின் விகிதம் இரண்டும் இந்த எண்ணும் சேர்ந்த 2.52, பின்னோக்கிய கியருக்கு ஒன்றை இந்த எண்ணால் வகுத்தால் வரும் சுமார் 1.9. ஒரே ஓர் எண்ணிலிருந்து மூன்று கியர்கள்! மூன்றாம் கியரில் எல்லாம் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு சுழல்வதால் விகிதம் 1 ஆகிறது.

சக்கரங்களைப் பிடிப்பதும் பூட்டுவதும் கிளட்ச் தகடுகளின் வேலை. தகடுகளை நெருக்குவது எண்ணெய் அழுத்தம். ஒரு கிளட்சின் பிஸ்டன் பரப்பு 100 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். எண்ணெயின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 5 கிலோ என்றால், பாஸ்கல் விதிப்படி தகடுகளை நெருக்கும் விசை 500 கிலோ எடைக்குச் சமம். அழுத்தம் பாதியானால் பிடியும் பாதிதான்.

வேகத்தைச் சொல்லும் சாட்சி

இனி, அந்த இரு அழுத்தங்களுக்கு வருவோம். வேகத்தை எண்ணெய்க்குத் தெரிவிப்பது கவர்னர். ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் தம் நீராவி எஞ்சினில் பொருத்திய சுழலும் குண்டுகளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். பின்சக்கரங்களை நோக்கிச் செல்லும் வெளித் தண்டிலுள்ள ஒரு பல்சக்கரம் கவர்னரைச் சுழற்றுகிறது. வேகம் கூடக் கூட, அதிலுள்ள எடைகள் வெளிநோக்கி விரிந்து, ஒரு வால்வை நகர்த்தி, அதிக அழுத்தமுள்ள எண்ணெயை அனுப்புகின்றன.

இங்கே ஒரு சிக்கல் இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? எடைகளை வெளியே தள்ளும் மைய விலக்கு விசை, கோணத் திசைவேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. வண்டியின் வேகம் 20 கி.மீ.யிலிருந்து 80 கி.மீ. ஆகும்போது வேகம் நான்கு மடங்குதான் கூடுகிறது. விசையோ 16 மடங்கு கூடிவிடுகிறது. உயர்ந்த வேகத்துக்கு ஏற்ற எடையை வைத்தால் தாழ்ந்த வேகத்தில் அது அசையாது. தாழ்ந்த வேகத்துக்கு ஏற்றதை வைத்தால் உயர்ந்த வேகத்தில் அழுத்தம் எல்லை மீறிப் போகும். ஆகவே இதில் எடைகளை இரு வகையாக வைத்திருக்கிறார்கள். கனமானவை தாழ்ந்த வேகத்தில் வேலை செய்து, ஒரு கட்டத்தில் முட்டி நின்றுவிடும். அதன் பிறகு இலேசானவை மட்டும் விசையைச் சேர்க்கும். என்னைக் கேட்டால், இருமடி விதியை வகுப்பில் கற்பிக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

சுமையைச் சொல்லும் சாட்சி

எஞ்சின் எவ்வளவு கடினமாக உழைக்கிறது என்பதை அறிவது எப்படி? பெட்ரோல் எஞ்சினில் காற்று நுழையும் வாயிலில் ஒரு தட்டு இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அது திறக்கும், விட்டால் மூடும். தட்டு மூடியிருக்கும்போது பிஸ்டன்கள் காற்றை இழுக்க முயல, உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் குறைந்து பகுதி வெற்றிடம் உண்டாகிறது. நல்ல நிலையிலுள்ள எஞ்சின் சும்மா ஓடும்போது இந்த வெற்றிடம் பாதரசத்தில் 430 முதல் 530 மி.மீ. வரை இருக்கும். முழுவதும் மிதித்தால் தட்டு அகலத் திறந்து, வெற்றிடம் சுழிக்கு அருகில் வந்துவிடும். ஆக, வெற்றிடம் அதிகம் என்றால் சுமை குறைவு. வெற்றிடம் குறைவு என்றால் சுமை அதிகம். (நம் ஊர் லாரிகளின் டீசல் எஞ்சினில் பொதுவாகக் காற்றை அடைக்கும் இத்தகைய தட்டு இராது, ஆகவே அங்கே இந்த முறை எடுபடாது.)

எஞ்சினிலிருந்து ஓர் உலோகக் குழாய் கியர்ப்பெட்டியின் வலப்புறப் பின்பகுதிக்கு வருகிறது. அதன் இரு முனைகளிலும் சிறிய ரப்பர்க் குழாய்கள். அது வந்து சேரும் டப்பாவுக்கு மாடுலேட்டர் என்று பெயர். டப்பாவுக்குள் ரப்பர்ச் சவ்வு ஒன்றும் சுருள்வில் ஒன்றும் இருக்கின்றன. வில் ஒரு வால்வைத் தள்ளப் பார்க்கிறது. வெற்றிடம் சவ்வை எதிர்ப்புறம் இழுத்து வில்லை அடக்குகிறது. சவ்வின் விட்டம் 5 செ.மீ. என்று கொண்டால் பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. 500 மி.மீ. வெற்றிடம் இருந்தால் அதன் மேல் செயல்படும் விசை சுமார் 13 கிலோ எடை. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வெற்றிடம் தளர்கிறது, வில் வெல்கிறது, மாடுலேட்டர் அழுத்தம் உயர்கிறது.

இந்த இரு சாட்சிகளும் சந்திக்கும் இடம் மாற்று வால்வு. அதன் ஒரு முனையில் கவர்னர் அழுத்தம். மறு முனையில் மாடுலேட்டர் அழுத்தமும் ஒரு சுருள்வில்லும். கவர்னரின் கை ஓங்கினால் வால்வு நகர்ந்து, அடுத்த கிளட்சுக்கு எண்ணெய் பாய்ந்து, மேல் கியர் விழுகிறது. மெதுவாக மிதித்து ஓட்டினால் எதிர்ப்பு குறைவு. இரண்டாம் கியர் சுமார் 20 கி.மீ. வேகத்திலேயே வந்துவிடும். அழுத்தி மிதித்தால் எதிர்ப்பு அதிகம். அதே மாற்றம் 60 கி.மீ. அளவு வரை தள்ளிப்போகும். (இந்த எண்கள் வண்டிக்கு வண்டி சற்று மாறும்.) மேட்டில் ஏறும் லாரி ஓட்டுநர் செய்ததும் இதே ஒப்பீடுதானே!

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். பழுது பார்ப்பதற்கு இதுதான் திறவுகோல். மாடுலேட்டருக்கு இரண்டு வேலைகள். மாற்று வால்வை எதிர்ப்பது ஒன்று. கியர்ப்பெட்டியின் முதன்மை அழுத்தத்தையே உயர்த்துவது மற்றொன்று. எஞ்சின் கடினமாக உழைக்கும்போது கிளட்ச் தகடுகளை இன்னும் இறுக்கமாகப் பிடிக்க வேண்டும் அல்லவா? வெற்றிடம் நிறைந்திருக்கும்போது முதன்மை அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறக்குறைய 4 கிலோ. வெற்றிடமே இல்லாதபோது ஏறக்குறைய 10 கிலோ.

பொய் சொல்வது எந்தச் சாட்சி?

கியர் மாறுவதில் குறை என்றால், பெரும்பாலும் இந்த இரு சாட்சிகளில் ஒன்று பொய் சொல்கிறது என்று பொருள். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

கியர் தாமதமாக மாறுகிறது. மாறும்போது தூக்கிப் போடுவதுபோல் அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். தாமதம், அதிர்ச்சி இரண்டும் சேர்ந்து வருகின்றன. இரண்டு வேலைகளையும் ஒன்றாகச் செய்வது மாடுலேட்டர் மட்டுமே. ஆகவே சந்தேகம் சுமையின் பக்கம் திரும்புகிறது. ஓட்டுநர் மெதுவாகத்தான் மிதித்திருக்கிறார். ஆனால் முழுவதும் மிதித்துவிட்டார் என்று கியர்ப்பெட்டி நினைத்துக்கொண்டிருக்கிறது. வெற்றிடம் வந்து சேரவில்லை. அந்த ரப்பர்க் குழாய்களைப் பாருங்கள். எஞ்சினின் சூட்டில் பல ஆண்டுகள் வெந்து, விறைத்து, வெடித்திருக்கும். அல்லது கழன்றே விழுந்திருக்கும். வெடிப்பின் வழியே எஞ்சினும் காற்றை உறிஞ்சுவதால் அது சும்மா ஓடும்போது தடுமாறவும் கூடும். இது இரண்டாவது தடயம்.

குழாய் நன்றாக இருந்தால் மாடுலேட்டரின் முனையில் அதைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே சிவப்பு எண்ணெய் ஈரம் இருக்கிறதா? அப்படியானால் சவ்வு கிழிந்துவிட்டது. கிழிசலின் வழியே கியர் எண்ணெயை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும். புகைபோக்கியில் வெண்புகை வரும். எண்ணெய் அளவு நாளுக்கு நாள் குறையும். வண்டிக்கு அடியிலோ ஒரு சொட்டும் சிந்தியிராது. "எண்ணெய் எங்கே போகிறது என்றே தெரியவில்லை" என்று சொந்தக்காரர் வியப்பதும், "எஞ்சின் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது" என்று யாரோ தீர்ப்புச் சொல்வதும் இந்த இடத்தில்தான். மாடுலேட்டரை வெளியிலிருந்தே ஒரு போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம்.

குழாயும் சவ்வும் நலம் என்றால்? அப்போது எஞ்சினையே சந்தேகிக்க வேண்டும். மூன்று வாயுள்ள ஓர் இணைப்பைக் குழாயின் நடுவே செருகி வெற்றிடமானியைப் பொருத்துங்கள். எஞ்சின் சும்மா ஓடும்போது 300 மி.மீ.தான் காட்டுகிறது என்றால் கியர்ப்பெட்டி குற்றமற்றது. வால்வுகள் சரியாக மூடாத, தேய்ந்த எஞ்சின் போதிய வெற்றிடத்தைத் தருவதில்லை. பழைய லாரிக்கு வேகம் கூட்டுவதற்காக, வால்வுகளை நீண்ட நேரம் திறந்துவைக்கும் வேறு கேம் தண்டைப் போடுகிறவர்களும் உண்டு. அதன் பிறகு கியர் அதிர்ந்து விழத் தொடங்கியதும் அவர்கள் கியர்ப்பெட்டியை நொந்துகொள்வார்கள். பாவம், அது கேள்விப்பட்டதை நம்பித்தானே நடக்கிறது!

மாறாக, கியர் தாமதமாகத்தான் மாறுகிறது, ஆனால் மாறும்போது பெரிய அதிர்ச்சி இல்லை என்றால் வேகத்தின் சாட்சியை விசாரிக்க வேண்டும். கவர்னரின் வால்வில் தூசு சிக்கி அழுத்தம் முழுதாக எழும்பாமல் இருக்கலாம். அதைச் சுழற்றும் பல்சக்கரம் தேய்ந்து பற்கள் போயிருந்தால் கவர்னர் சுழலவே சுழலாது. வண்டி நிற்கிறது என்றே பெட்டி நினைக்கும்; எவ்வளவு வேகம் போனாலும் முதல் கியரைவிட்டு நகராது. எதிர்த்திசையிலும் பழுது வரலாம்: கவர்னர் வால்வு திறந்த நிலையில் சிக்கிக்கொண்டால், வண்டி கிளம்பும்போதே மேல் கியரில் இருக்கும், இழுவையில்லாமல் தள்ளாடும். இந்தப் பெட்டியில் கவர்னர் இடப்புறம் ஒரு வட்ட மூடிக்குப் பின்னால் இருக்கிறது. மூடியைப் பிடித்திருக்கும் கம்பியை நெம்பினால் கையோடு வந்துவிடும். இதற்கும் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

இன்னொரு கம்பியையும் மறந்துவிடக்கூடாது. முழுவதும் மிதிக்கும்போது வண்டியைக் கீழ்க் கியருக்கு இறக்குவதற்காக, ஆக்ஸிலரேட்டரிலிருந்து ஓர் இழுகம்பி பெட்டிக்குள் வருகிறது. அதை அளவுக்கு மேல் இறுக்கிக் கட்டியிருந்தாலும் கியர் மாறுவது தள்ளிப்போகும்.

ஐயம் தீரவில்லையா? ஒரு சோதனை செய்யலாம். பெட்டியின் பக்கத்திலுள்ள ஒரு சிறு திருகைக் கழற்றி அங்கே அழுத்தமானியை மாட்டுவார்கள். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒருவர் பிரேக் மிதியை அழுத்தியபடி உட்கார்ந்திருக்க, தேர்ந்த மெக்கானிக் மட்டுமே செய்ய வேண்டிய சோதனை இது. வெற்றிடக் குழாயை மாட்டியபடி ஓர் அளவீடு. அதைக் கழற்றி, எஞ்சின் பக்கத்து வாயை அடைத்துவிட்டு இன்னோர் அளவீடு. முள் எழும்பினால் மாடுலேட்டரும் அதன் வால்வும் உயிரோடு இருக்கின்றன. அசையவில்லை என்றால் அங்கேதான் பழுது. ஒரே ஒரு காரணியை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து அளப்பது என்று ஆய்வகத்தில் செய்கிறீர்களே, அதே முறைதான்.

எஞ்சின் மட்டும் சீறினால்

கியர் மாறும் நேரத்தில் எஞ்சின் சீறி, வண்டி நகராமல் இருப்பது வேறு வகைக் குறை. இங்கே தகடுகள் வழுக்குகின்றன, பிடி போதவில்லை. இதைக் கவனிக்காமல் ஓட்டிக்கொண்டிருந்தால் உராய்வு வெப்பத்தில் தகடுகள் கருகிவிடும். பிறகு பெட்டியைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அதிரும் வண்டியைக் கொஞ்ச நாள் ஓட்டலாம். வழுக்கும் வண்டியை ஓட்டவே கூடாது.

முதலில் பார்க்க வேண்டியது எண்ணெயின் அளவு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சின் சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக் கம்பியை இழுத்துப் பார்க்க வேண்டும். சூடு ஏன் முக்கியம்? இவ்வகை எண்ணெய் ஒரு டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்குப் பத்தாயிரத்தில் ஏழு பங்கு அளவில் விரிகிறது. பெட்டியிலும் திருப்புவிசை மாற்றியிலுமாக 9 லிட்டர் எண்ணெய் இருந்து, வெப்பநிலை 60 டிகிரி உயர்ந்தால், பெருக்கம் சுமார் 0.38 லிட்டர். அளவுக் கம்பியில் 'சேர்க்கவும்' என்ற கோட்டுக்கும் 'நிறைவு' என்ற கோட்டுக்கும் உள்ள இடைவெளியோ அரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு! குளிர்ந்த எண்ணெயைச் சூட்டுக்குரிய கோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர் தேவையில்லாமல் எண்ணெயை ஊற்றிவிடுவார்.

ஊற்றினால் என்ன, அதிகம் இருப்பது நல்லதுதானே என்று கேட்கலாம். எண்ணெய் மட்டம் உயர்ந்தால் சுழலும் பல்சக்கரங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிடும். திரவம் எளிதில் அமுங்காது என்பதால்தான் பாஸ்கல் விதி இங்கே கைகொடுக்கிறது. நுரையிலுள்ள காற்று அமுங்கும், அழுத்தம் எழும்பாது, தகடுகள் வழுக்கும். எண்ணெய் குறைந்தாலும் எண்ணெய்ப் பம்பு காற்றை உறிஞ்சி அதே நிலைதான். குறைவும் மிகுதியும் ஒரே குறையைத் தோற்றுவிப்பதால், கம்பியைப் பார்க்காமல் ஊற்றுவதும் தவறு, வடிப்பதும் தவறு.

நிறமும் மணமும்கூடச் சாட்சி சொல்லும். நல்ல எண்ணெய் தெளிந்த சிவப்பு. பழுப்பாகி, தீய்ந்த வாடை அடித்தால் தகடுகள் கருகத் தொடங்கிவிட்டன. பால் கலந்ததுபோல் வெளிறிய இளஞ்சிவப்பாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் உள்ளேயே இருப்பதால், அதில் ஓட்டை விழுந்தால் இப்படி ஆகும்.

எண்ணெய் சரியாக இருந்தும் வழுக்குகிறதென்றால், எந்தக் கிளட்ச் என்பதைத் தருக்க முறையில் கண்டுபிடிக்கலாம். முன்செல்லும் எல்லாக் கியர்களுக்கும் முன்செல் கிளட்ச் வேண்டும். இரண்டாம் கியருக்கு அதோடு இடைக் கிளட்சும் வேண்டும். மூன்றாம் கியருக்கு நேர் கிளட்ச் வேண்டும். பின்னோக்கிச் செல்ல நேர் கிளட்சும், தாழ்நிலைக் கிளட்ச் என்ற இன்னொன்றும் வேண்டும். ஒரு வண்டி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் நன்றாகப் போகிறது. மூன்றாம் கியரிலும் பின்னோக்கியும் வழுக்குகிறது. இரண்டுக்கும் பொதுவானது எது? நேர் கிளட்ச். இன்னொரு வண்டி பின்னோக்கி நன்றாகப் போகிறது. முன்னோக்கி எந்தக் கியரிலும் நகரவில்லை. அங்கே குற்றவாளி முன்செல் கிளட்ச். கணக்குப் பாடத்தில் கணங்களின் வெட்டு என்று படித்தது இங்கே எவ்வளவு அழகாகப் பயன்படுகிறது, பாருங்கள்.

பழுதில்லாத பழுதுகள்

பழைய லாரியை அழகுபடுத்த விரும்புவோர் பெரிய டயர்களைப் போடுவதுண்டு. டயரின் விட்டம் 70 செ.மீ.யிலிருந்து 77 செ.மீ. ஆனால், தண்டு ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி பத்து விழுக்காடு அதிகத் தூரம் போகும். கவர்னர் எண்ணுவது தண்டின் சுற்றுகளை. சாலையின் நீளத்தை அது அறியாது. ஆகவே 30 கி.மீ. வேகத்தில் மாறிய கியர் இப்போது 33 கி.மீ. வேகத்தில் மாறும். ஆனால் வேடிக்கை என்னவென்றால், ஓட்டுநர் தம் வேகமானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுவும் அதே தண்டிலிருந்துதான் ஓடுகிறது. முள் பழையபடி 30 என்றே காட்டும். பக்கத்தில் வேறொரு வண்டியில் வருபவருக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

மலைகளில் வருவது இன்னும் சுவையானது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் பைக்ஸ் பீக் என்ற சிகரம் இருக்கிறது. உயரம் சுமார் 4,300 மீட்டர். உச்சி வரை சாலை உண்டு. கடல் மட்டத்தில் 760 மி.மீ. ஆக இருக்கும் காற்றழுத்தம் அந்த உச்சியில் ஏறத்தாழ 450 மி.மீ. தான். வண்டி ஒரே சீராக மெல்ல ஓடும்போது எஞ்சினின் உள்ளிழுக்கும் குழாயில் அழுத்தம் 300 மி.மீ. என்று கொள்வோம். கடல் மட்டத்தில் வெற்றிடம் 760இலிருந்து 300 போக 460 மி.மீ. மலையுச்சியில் 450இலிருந்து 300 போக 150 மி.மீ. மட்டுமே. வெற்றிடம் என்பது வெளியழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடுதானே! எஞ்சினின் உழைப்பு மாறவில்லை. மாடுலேட்டரோ, ஓட்டுநர் பலமாக மிதித்துவிட்டார் என்று எண்ணிக்கொள்ளும். கியர் தாமதமாக மாறும், அதிர்ச்சியும் இருக்கும்.

இதற்காகவே சில மாடுலேட்டர்களின் உள்ளே, காற்று நீக்கி மூடப்பட்ட ஓர் உலோகத் துருத்தியை வைத்திருக்கிறார்கள். திரவமில்லாப் பாரமானியில் இருக்கும் அதே பெட்டிதான். உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைய, வால்வைத் தள்ளும் விசையில் ஒரு பங்கை அது குறைத்துவிடும்.

துருத்தியில்லாத மாடுலேட்டரை வாங்கி மாட்டிய ஒருவர், மலையில் ஏறும்போது கியர் அதிர்கிறது என்று மலையடிவாரத்துப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மெக்கானிக் ஓட்டிப் பார்க்கிறார். குறை அவ்வளவாகத் தெரியவில்லை. குழாய் நன்றாக இருக்கிறது, சவ்வு கிழியவில்லை, எண்ணெய் சரியான அளவில், தெளிந்த சிவப்பாக இருக்கிறது. பட்டறையைவிட்டு நகராமல், கையில் ஒரு வெற்றிடப் பம்பும் அழுத்தமானியும் மட்டும் இருந்தால், மலையுச்சியில் நடப்பதை அவர் எப்படி அங்கேயே செய்து பார்க்கலாம்? யோசித்துப் பாருங்கள்.